ஆறு மாதம் பிறந்த கதை

காலை ஆறரை மணிக்கே எங்கள் தெருவில் பாதித் தறிகள் சத்தம் போடத் தொடங்கிவிடும். எதிர்வீட்டுத் தறிக்காரர் மட்டும் மூன்று மாதத்துக்கு மேலாகக் கொஞ்சம் தாமதமாகத்தான் மோட்டாரைப் போடுகிறார். வெறும் வயிற்றில் மூன்று மாத்திரையை விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்து, பிறகு சாப்பிட்டுவிட்டுத்தான் வேலை. அவருக்கு டி.பி. என்று தெருவுக்கே தெரியும். அவர் மறைக்கவில்லை. சங்கரன்கோவில் மாதிரி ஊரில் அது பெரிய தைரியம்.

எடை 42 கிலோ. 35 முதல் 49 கிலோ வரை என்றால் நாளுக்கு மூன்று மாத்திரை. முதல் இரண்டு மாதம் ஒவ்வொன்றிலும் நான்கு மருந்து: ஐசோநியாசிட் 75 மில்லிகிராம், ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தம்பூட்டால் 275. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து ரத்தமோ என்று பதறி ஓடி வந்தார். அது ரிஃபாம்பிசின் நிறம், மருந்து உடம்பில் சேர்ந்ததற்கு அடையாளம் என்று சொல்லி அனுப்பினேன். போன வாரம் அவர் கேட்டது வேறு கேள்வி.

“அண்ணாச்சி, இருமலே இல்ல. நல்லா பசிக்கி. மூணு கிலோ ஏறிட்டேன். பெறவு என்னத்துக்கு ஆறு மாசம்? இந்த ஆறுங்கிற கணக்க யாரு போட்டா?”

அரசு ஆஸ்பத்திரிகளில் சளி பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்காமலே மாத்திரையை நிறுத்தியவர்கள் அதைவிட அதிகம். அப்படி நிறுத்தியவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். எழுபதுகளில் அவருக்கு நோய் வந்தபோது சிகிச்சை ஒன்றரை வருஷம். தொடக்கத்தில் ஊசி, அப்புறம் தினமும் மாத்திரை. மூன்று மாதத்தில் இருமல் நின்றது, தறியில் உட்கார்ந்தார், மாத்திரையை விட்டுவிட்டார். அடுத்த வருஷம் திரும்பி வந்த நோய் அவரை எழுந்திருக்க விடவில்லை. அவர் போன பிறகு பரணில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைத்தது. முக்கால் பாட்டில் மாத்திரை. பெரியம்மா அதை முற்றத்தில் கொட்டி எண்ணிப் பார்த்தாள். எதற்கு எண்ணினாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அதனால் தறிக்காரரின் கேள்விக்கு ‘டாக்டர் சொன்னாச் சாப்பிடணும்’ என்று பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதம் என்பதை ஒரு டாக்டர் உட்கார்ந்து முடிவு செய்துவிடவில்லை. சுண்டெலிகளின் நுரையீரலிலும் மெட்ராஸ் ஏழை வீடுகளிலும் ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிகளிலும் முப்பது வருஷம் எண்ணி எண்ணிப் போட்ட கணக்கு அது.

முதலில் வந்தது ஒற்றை மருந்து. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். அது உயிருள்ள உடம்பில் வேலை செய்யுமா என்று பார்த்தவர்கள் மேயோ கிளினிக்கின் ஃபெல்ட்மனும் ஹின்ஷாவும். 1944 ஏப்ரலில் கையில் இருந்த கொஞ்சம் மருந்தை வைத்து நான்கே நான்கு கினிப்பன்றிகளில் தொடங்கினார்கள். டி.பி. கிருமி ஏறினால் கினிப்பன்றி பிழைப்பது அரிது. அந்த நான்கும் தேறின. எலும்புருக்கி என்று நம் பாட்டிமார் பெயர் சொல்லவே பயந்த நோய்க்கு மருந்து உண்டு என்பது அந்த நான்கு உயிர்களில் தெரிந்தது.

சந்தோஷம் நீடிக்கவில்லை. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1948இல் வெளியிட்ட சோதனையில், ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகச் செத்திருந்தார்கள். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. நுரையீரலில் ஒரு குழி விழுந்தால் அதில் பத்துக் கோடி கிருமிகூட இருக்கும். ஐசோநியாசிட்டுக்கு மசியாத கிருமி பத்து லட்சத்தில் ஒன்று இயல்பாகவே பிறக்கிறது. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றதெல்லாம் சாகும், அந்த ஒரு நூறு மட்டும் தங்கிப் பெருகும். ரிஃபாம்பிசினுக்கு மசியாதது பத்துக் கோடியில் ஒன்று. இரண்டுக்கும் சேர்ந்து மசியாத கிருமி பிறக்க வேண்டுமென்றால், அந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். அவ்வளவு கிருமி எந்த நுரையீரலிலும் இருக்காது. கூட்டு மருந்துக்கு முதல் காரணம் இது. 1950இலேயே ஸ்ட்ரெப்டோமைசினோடு ‘பாஸ்’ என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்து இதை நிரூபித்துவிட்டார்கள். 1952இல் ஐசோநியாசிட் வந்ததும் மூன்றும் கூட்டாகின. ஆனால் காலம் குறையவில்லை. பதினெட்டு மாதம், இரண்டு வருஷம் என்றுதான் ஓடியது.

இங்கேதான் மெட்ராஸ் வருகிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் குரலே மாறிவிடும்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. தலைமை ஏற்று வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். அன்றைக்கு டி.பி. என்றால் சானடோரியத்துக்குப் போக வேண்டும், நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு வேண்டும் என்பதுதான் உலகமே நம்பியது. தாம்பரத்திலும் மதனப்பள்ளியிலும் படுக்கை சில நூறு, நோயாளிகளோ பல லட்சம். ஃபாக்ஸ் குழு 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி தங்கள் வீட்டுக்கே. நெருக்கடியான வீடு, குறைவான சாப்பாடு, வேலைக்குப் போயே தீர வேண்டிய நிலைமை. இரு தரப்புக்கும் ஒரே மருந்து: ஐசோநியாசிட்டும், நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட பத்து கிராம் பாஸும், ஒரு வருஷம்.

1959இல் முடிவு வெளியானது. இரு பக்கமும் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. பரவியதெல்லாம் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்னாலேயே பரவியது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஒரு ஆய்வு பெரிய காரணம். தறியை விட்டுப் போக முடியாத என் எதிர்வீட்டுக்காரர் இன்று திண்ணையில் உட்கார்ந்து மாத்திரை சாப்பிட முடிகிறது என்றால், அதற்கு அந்த 193 மெட்ராஸ் ஏழைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்த ஆய்வில் ஒரு சின்ன விஷயம் என்னை விடவே இல்லை. ஆய்வு மையத்தின் நர்சுகள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். சிறுநீர் வாங்கி மருந்து இருக்கிறதா என்று சோதிப்பார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணுவார்கள். இதை முதன்முதலாகப் படித்த அன்று பெரியம்மா முற்றத்தில் உட்கார்ந்து எண்ணியது கண்ணில் நின்றது. நர்சு செய்யவேண்டிய வேலையை அவள் காலம் கடந்து செய்துகொண்டிருந்தாள்.

மெட்ராஸிலிருந்து கிருமிகளும் பயணம் போயின. நோயாளிகளின் சளியில் வளர்த்த கிருமிகளை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே டெனிஸ் மிட்சிசன் அவற்றைக் கினிப்பன்றிகளில் ஏற்றி, பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமியோடு ஒப்பிட்டார். தென்னிந்தியக் கிருமிகளில் பல, கினிப்பன்றியில் வீரியம் குறைந்தவையாக இருந்தன. 1960இல் இது வெளியானது. கிருமி எல்லாம் ஒரே மாதிரி என்று நினைத்திருந்தவர்களுக்கு இது புதிது.

இனி சுண்டெலி. கதையின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வால்ஷ் மெக்டெர்மட் என்று ஒரு மருத்துவர். இளம் வயதில் தனக்கே டி.பி. வந்து சானடோரியத்தில் கிடந்தவர். அவரும் ராபர்ட் மெக்கூனும் ரால்ப் டாம்சட்டும் 1956இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சுண்டெலிகளுக்கு டி.பி. கிருமியை ஏற்றி, பன்னிரண்டு வாரம் பைரசினமைடும் ஐசோநியாசிட்டும் கொடுத்தார்கள். அப்புறம் எலியின் நுரையீரலையும் மண்ணீரலையும் எடுத்து அரைத்து, கரைசலாக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்க வைத்து, வளர்ப்பு ஊடகத்தில் விட்டார்கள். டி.பி. கிருமி ஒன்று இரண்டாகப் பெருக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். மற்றக் கிருமிகள் ஒரே ராத்திரியில் கூட்டமாக வளர்ந்துவிடும். இதற்கு மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். காத்திருந்து பார்த்தார்கள். ஒன்றுமே முளைக்கவில்லை. எலிகளின் உறுப்பில் கிருமி சுத்தமாக இல்லை.

சந்தோஷப்பட்டு அத்தோடு முடித்திருந்தால் கதை வேறாகியிருக்கும். அவர்கள் சில எலிகளை விட்டுவைத்தார்கள். மருந்தை நிறுத்திவிட்டு மூன்று மாதம் சும்மா இருக்க விட்டு, அப்புறம் திறந்து பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு எலிகளில் கிருமி திரும்பி வந்திருந்தது. திரும்பி வந்த கிருமி மருந்துக்குப் பழகியதும் இல்லை. அதே மருந்தைக் கொடுத்தால் செத்தது. அப்படியானால் இத்தனை நாள் அது எங்கே இருந்தது? எதுவும் முளைக்காத உறுப்பில், பெருகாமல், அசையாமல், உறங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. பெருகும் கிருமியைத்தான் மருந்து கொல்லும். உறங்கும் கிருமி மருந்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதை வாசித்தபோது என் வேலையே எனக்கு வேறாகத் தெரிந்தது. சளியைக் கண்ணாடியில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடேற்றி, அமிலத்தில் கழுவி, நீலம் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைப்போம். நீலப் புலத்தில் சிவப்பு நூல் துண்டுகள் மாதிரி கிருமி தெரியும். நூறு புலம் பார்த்து ஒன்றும் இல்லை என்றால்தான் ‘நெகட்டிவ்’ என்று எழுதுவோம். ஆனால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் கண்ணாடியில் ஒன்றாவது தட்டுப்படும். அதற்குக் கீழே எத்தனை இருந்தாலும் என் கண்ணுக்குப் பூஜ்யம்தான். நான் நெகட்டிவ் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து மருந்தை நிறுத்தியவர்களை நினைத்து எத்தனையோ ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

பைரசினமைடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது சோதனைக் குழாயில் பார்த்திருந்தால் தூக்கி எறியப்பட்டிருக்கும் மருந்து. வழக்கமான ஊடகத்தில் அது டி.பி. கிருமியை ஒன்றுமே செய்யாது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அதை நேராகச் சுண்டெலிகளில் சோதித்தார்கள், அங்கே வேலை செய்தது. ஏன் என்று மெக்டெர்மட்டும் டாம்சட்டும் 1954இல் கண்டுபிடித்தார்கள்: புளிப்பான, அமிலச் சூழலில்தான் அதற்கு வீரியம். கிருமி ஒளிந்துகொள்ளும் இடங்கள் சிலவற்றில் அந்தப் புளிப்பு உண்டு. எலி இல்லாமல் இந்த மருந்தே நமக்குக் கிடைத்திருக்காது. ஆனாலும் அன்றைக்குக் கொடுத்த பெரிய அளவில் அது ஈரலைத் தாக்கியதால் ஓரமாக வைக்கப்பட்டது.

ரிஃபாம்பிசின் வந்தது மிலானில் இருந்த லெபெடிட் நிறுவனத்திலிருந்து. மூலம், 1957இல் தெற்கு பிரான்சின் பைன் காட்டிலிருந்து கொண்டுவந்த மண். வாயால் விழுங்கக்கூடிய வடிவத்துக்கு அதை மாற்றப் பல வருஷம் பிடித்தது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவாஸ் க்ரும்பாக் என்ற அம்மையார், ஜார்ஜ் கனெட்டி முதலியோரோடு சேர்ந்து, அறுபதுகளின் கடைசியில் இதையும் ஐசோநியாசிட்டையும் சுண்டெலிகளுக்குச் சேர்த்துக் கொடுத்தார். அதே மாதிரி மருந்தை நிறுத்திக் காத்திருந்து பார்த்தார். இந்தக் கூட்டில் நோய் திரும்பி வருவது பழைய கூட்டுகளைவிட வெகுவாகக் குறைந்தது. உறங்கும் கிருமி எப்போதாவது கண் விழிக்கும், ஒரு சில மணி நேரம்தான். அந்த இடைவெளியில் பாய்ந்து கொல்லும் சக்தி ரிஃபாம்பிசினுக்கு இருந்தது. பிற்பாடு ழாக் க்ரோசே அதே ஊரில் ரிஃபாம்பிசினோடு பைரசினமைடையும் சேர்த்து, அந்தக் கூட்டின் பலத்தை எலிகளில் காட்டினார்.

எலியில் நடந்தது மனிதனில் நடக்குமா? மெட்ராஸிலிருந்து லண்டன் திரும்பியிருந்த ஃபாக்ஸும், மிட்சிசனும் 1970இல் கிழக்கு ஆப்பிரிக்க மருத்துவர்களோடு சேர்ந்து சோதித்தார்கள். நாலு பிரிவுகளுக்கு ஆறு மாதம் ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோநியாசிட்டும். ஒரு பிரிவுக்கு அதோடு ரிஃபாம்பிசின், ஒரு பிரிவுக்குப் பைரசினமைடு, ஒரு பிரிவுக்குத் தயாசெட்டசோன், ஒரு பிரிவுக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. சிகிச்சை முடிந்தபோது நாலு பிரிவிலும் பெரும்பாலானவர்களின் சளி சுத்தம். வித்தியாசம் நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. நோய் திரும்பியவர்கள், ரிஃபாம்பிசின் பிரிவில் நூற்றுக்கு 3, பைரசினமைடு பிரிவில் 8, தயாசெட்டசோன் பிரிவில் 22, ஒன்றும் சேர்க்காத பிரிவில் 29. எலிகள் சொன்ன வரிசை அப்படியே மனிதர்களிலும் வந்தது. பதினெட்டு மாதம் ஆறு மாதமாகச் சுருங்கியது இந்த எண்களில்தான். என் பெரியப்பா மாத்திரையை விட்டபோது இந்த எண்கள் அச்சில் வந்துவிட்டிருந்தன. மருந்தின் விலைதான் ஏழை நாடுகளுக்கு எட்டவில்லை.

சேத்துப்பட்டு மையம் இன்னும் கீழே போய்ப் பார்த்தது. எழுபதுகளின் நடுவில் தொடங்கி, நான்கு மருந்துவரை சேர்த்து மூன்று மாதம், ஐந்து மாதம், ஏழு மாதம் என்று சோதித்தார்கள். மூன்று மாதத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் சளி சுத்தமானது. அதன்பின் கணிசமானவர்களுக்கு நோய் திரும்பியது. “அஞ்சு போதாதா, மூணு போதாதா” என்று இன்று திண்ணையில் கேட்கும் கேள்வியை, நம் ஊர்க்காரர்களே உடம்பைக் கொடுத்துக் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு பைரசினமைடைத் தொடர்வதால் பெரிய லாபம் இல்லை என்பதும் இப்படிப்பட்ட சோதனைகளில்தான் தெளிவானது. அதனால்தான் மூன்றாம் மாதம் மாத்திரை மாறுகிறது.

எலியை முழுக்க நம்பிவிடவும் கூடாது. 2004இல் அமெரிக்காவில் சுண்டெலிகளில் மாக்சிஃபிளாக்சசினைச் சேர்த்தபோது சிகிச்சைக் காலம் குறைந்தது. நான்கு மாதம் போதும் என்று பெரிய நம்பிக்கை. 1,931 நோயாளிகளில் செய்த சோதனை 2014இல் வெளியானபோது நான்கு மாதத்தில் நிறுத்தியவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பியிருந்தது. வழக்கமாகப் பயன்படும் சுண்டெலியின் நுரையீரலில் மனிதருக்கு வருவதுபோல் தயிர்க்கட்டி மாதிரி அழுகலும் குழியும் உண்டாவதில்லை. கிருமிக்கு ஒளிய அங்கே இடம் குறைவு. அதே மருந்தை ரிஃபாபென்டினோடு சேர்த்துக் கொடுத்த நான்கு மாதச் சிகிச்சை 2021இல் மனிதர்களிலும் பலித்தது. மருந்துக்கு மசியாத டி.பி.க்கும் கூட்டுதான் வழி காட்டியது. முன்பு இருபது மாதம்வரை இழுத்த அந்தச் சிகிச்சையை, பெடாக்விலின், ப்ரெட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃபிளாக்சசின் நான்கையும் சேர்த்து ஆறு மாதத்தில் முடிக்கும் முறைக்கு 2024இல் இந்திய அரசு ஒப்புதல் கொடுத்தது.

இவ்வளவையும் நான் ஒரே நாளில் சொல்லவில்லை. தினம் அந்த அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கோமதி அம்மன் சந்நிதியில் வாங்கிய புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, மாத்திரையையும் விழுங்கிவிட்டு அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் பெயரெல்லாம் அவர் மனதில் நிற்கவில்லை. எலி நின்றது.

இப்போது அவருக்கு நான்காம் மாதம். மாத்திரையில் மூன்று மருந்துதான். நேற்றுக் காலை கேட்டார்.

“மருந்த நிறுத்திட்டு அந்த எலிகள எத்தன நாளு வச்சுப் பாத்தாங்க அண்ணாச்சி?”

“மூணு மாசம்.”

“என்னைய?”

“ரெண்டு வருஷம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா போய்க் காட்டணும்.”

எழுந்து உள்ளே போனார். தறிக்கு மேலே தொங்கிய காலண்டரை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். “கடைசி மாத்திரை என்னைக்கின்னு குறிச்சிக் குடுங்க. அதுக்கப்புறம் உள்ள நாலு தேதியையும் எழுதிருங்க.” இந்த வருஷக் காலண்டரில் ஒன்றுதான் அடங்கியது. மீதி மூன்றை அட்டையின் பின்பக்கம் எழுதினேன்.